எல்டன் வாங்கிய ஸ்கோப்

என் வீட்டுக்காரர் எல்டன் ஒரு நல்ல டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். துப்பாக்கிமேல் பொருத்திக் குறி பார்க்க ஒரு நல்ல ஸ்கோப் வாங்க வேண்டும் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். இலையுதிர்காலம் முழுக்க எங்கள் வீட்டில் இதுதான் சண்டை. பள்ளிக்கூடச் சமையலறையில் நாள் முழுக்க நின்றுவிட்டு, கால் வீங்கி வீட்டுக்கு வந்தால் சாப்பாட்டு மேஜை நிறைய ஸ்கோப் விளம்பரத் தாள்கள் விரிந்து கிடக்கும். தட்டு வைக்க இடம் இருக்காது.

டாக்டர் எதற்கு என்றால், அவர் வலது கைக்காக. போன வருஷம் காபிக் கோப்பையைப் பிடிக்கும்போது நடுக்கம் ஆரம்பித்தது. பிறகு மடியில் சும்மா கிடக்கும்போதுகூடக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருட்டிக்கொண்டே இருந்தன. என் அப்பாவின் கையும் அப்படித்தான் தொடங்கியது. அதற்குப் பிறகு என்னவெல்லாம் வரும் என்று எனக்குத் தெரியும். சட்டைப் பொத்தானோடு எல்டன் படும் பாட்டைப் பார்த்துக்கொண்டு நிற்க எனக்குப் பொறுமை கிடையாது. "தள்ளு" என்று பிடுங்கி நானே போட்டுவிடுவேன். டாக்டர் என்று வாயெடுத்தால் மட்டும், "சீசன் முடியட்டும்" என்பார்.

எங்கள் பக்கத்தில் சீசன் என்றால் ஒன்றுதான். நவம்பர் பதினைந்தாம் தேதி பொழுது விடியும்போது மான் வேட்டை தொடங்கும். அன்று பள்ளிக்கூடம் இல்லை, மரம் அறுக்கும் ஆலை இல்லை, ஆரஞ்சுக் கோட்டுப் போட்டவர்களைத் தவிர ஊரில் ஆளே இல்லை.

எல்டன் முப்பது குளிர்காலம் சாலையில் பனி வாரும் லாரி ஓட்டி, சென்ற வசந்தத்தில் ஓய்வு பெற்றவர். ஊர் தூங்கும்போது போவார், ஊர் எழுவதற்குள் சாலையைத் திறந்துவிட்டு வருவார். பள்ளத்தில் சறுக்கி விழுந்த கார்களை இழுத்து விட்டதையெல்லாம் வீட்டில் சொல்லவே மாட்டார். சம்பந்தப்பட்டவர்கள் ஆப்பிள் வைத்துச் சுட்ட பலகாரம் கொண்டுவந்து கொடுக்கும்போதுதான் எனக்குத் தெரியும். ஆனால் தன் தப்பையும் சொல்ல மாட்டார். ஒருமுறை எங்கள் வீட்டுத் தபால் பெட்டியையே லாரியால் இடித்துச் சாய்த்துவிட்டு, காற்று என்று சொன்னார். இன்றைக்கும் காற்றுதான். அந்த மனிதர் தன் கையைப் பற்றி வாய் திறப்பார் என்று நான் எதிர்பார்த்திருக்கவே கூடாது.

அவர் அப்பா வைத்துவிட்டுப் போன ரைஃபிள் அது. குழல் முனையில் ஒரு சின்ன இரும்புக் குறி, அவ்வளவுதான். குழலுக்கு மேலே தொலைநோக்கியைப் படுக்க வைத்துக்கொண்டு காட்டுக்கு வருகிறவர்களைக் கண்டால் அவருக்கு இளக்காரம். அவர் தம்பி லாயிட் ஸ்கோப் வாங்கிய முதல் நாளே, கண்ணுக்கு மிக அருகில் பொருத்திவிட்டுச் சுட்டான். துப்பாக்கி பின்னால் உதைத்தது, ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தைப் பிறை மாதிரி கிழித்துவிட்டது. அந்தத் தழும்பைப் பார்க்கும்போதெல்லாம், "என்னடா, இன்னும் நிலா தேயலையா?" என்பார் எல்டன்.

போன சீசனில் அந்தச் சிரிப்பு நின்றுபோனது. ஒரு பெட்டை மானைச் சுட்டார். குண்டு வயிற்றில் பட்டு, அது ஓடிவிட்டது. பனியில் ரத்தச் சொட்டைப் பின்பற்றிச் சதுப்புக் காட்டுக்குள் இருட்டும்வரை அலைந்தார், மறுநாளும் போனார், கிடைக்கவில்லை. வீட்டுக்கு வந்து ஈரப் பூட்ஸோடு உட்கார்ந்தவர் சாப்பிடவே இல்லை. எங்கேயோ கிடந்து சாகிற உயிரை நினைத்துக்கொண்டு எப்படிச் சாப்பிடுவது?

அதனால் இந்த ஆகஸ்டில், லாயிடோடு விடியற்காலை மீன் பிடிக்கப் போய், இருட்டிய பிறகு ஒரு மீன்கூட இல்லாமல் வந்தவர், மறுநாள் காலை "ஸ்கோப் வாங்கணும்" என்றபோது, கை ஆடுவதை ஒப்புக்கொள்ள மனமில்லாமல் கண்மேல் பழி போடுகிறார் என்று நினைத்தேன். இந்த ஆள் காட்டுக்குப் போய் இன்னொரு மானை அரைகுறையாகச் சுடப் போகிறார், அதோடு உடைந்தே போய்விடுவார். அதுதான் என் பயம்.

ஊரில் ஆணி, வாளி, துப்பாக்கி எல்லாம் விற்கும் கடை வெண்டெலுடையது. சனிக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

"இருநூறு டாலருக்கு மேல போகாத," என்றார் எல்டன். "பென்ஷன்காரன் நான்."

"உன் அப்பா துப்பாக்கிக்கு இருநூறு டாலர் தொப்பியா? அந்த மனுஷன் எழுந்து வந்துடுவார்," என்றான் வெண்டெல். இருந்தாலும் நாலைந்தை எடுத்து மேஜையில் பரப்பினான்.

முதலில் பெரிதாக இருந்ததை எல்டன் எடுத்தார். ஒன்பது மடங்கு பெரிதாகக் காட்டுமாம். சன்னல் வழியாகத் தூரத்துத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

"நீ பாரு."

"எனக்கென்ன தெரியும்?"

"தெரியறதைச் சொல்லு."

பார்த்தேன். தொட்டியின் ஆணிகள்கூடத் தெரிந்தன. கண்ணாடிக்குள் குறி காட்டும் குறுக்குக் கோடு அசையாமல் நின்றது. "ஆடவே இல்லையே," என்று சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். எல்டன் கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

வெண்டெல் இருமினான். "பெரிசாக் காட்டறது எல்லாத்தையும்தான் பெரிசாக் காட்டும் அக்கா, நடுக்கத்தையும் சேர்த்து. உங்க சதுப்புக் காட்டுல கண்ணுக்கெட்டறதே அறுபது அடி. அங்க போய் ஒன்பது மடங்கு வச்சுப் பார்த்தா மானே தெரியாது, மயிர்தான் தெரியும். ரெண்டு, மூணு மடங்கு போதும்."

அதற்குப் பிறகு ஒவ்வொன்றையும் அவர் ஒரு கண்ணோட்டம் விட்டு என்னிடம் தள்ளினார். எது பளிச்சென்று இருக்கிறது, எதன் ஓரம் மங்கல், எந்தத் திருகு கையுறை போட்ட கைக்குத் திரும்புகிறது என்று நான் சொல்ல வேண்டும். நான் என்ன எடைக்கல்லா என்று கேட்டேன். கடை விளக்கில் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும் என்று சொல்லி, பொழுது சாயும்வரை காத்திருக்க வைத்து, கடை வாசலில் நிறுத்தினார். சாலைக்கு அப்பால் இருக்கும் ஊசியிலை மரங்களின் அடியைப் பார்க்கச் சொன்னார். குளிரில் மூக்கு ஒழுக, இடுப்பு வலிக்க, ஒன்றை வைத்துவிட்டு ஒன்றை எடுத்துப் பார்த்தேன். மலிவாக இருந்த இரண்டில் இருட்டு பால் கலந்த மாதிரி கலங்கியது. விலை கூடியதில் தெளிவாக இருந்தது, அதை வாங்க முடியாது. கடைசியில் பேர் தெரியாத கம்பெனியின் குட்டையான ஒன்று. இருட்டிலும் கிளை கிளையாகத் தெரிந்தது.

"இது," என்றேன். எதையாவது சொன்னால் வீட்டுக்குப் போகலாமே.

"நிச்சயமா?"

"நிச்சயமாத்தான்யா. கால் செத்துப் போச்சு."

அதையே வாங்கினார். மறுவாரம் பொருத்தும்போதும் நான்தான் நிற்க வேண்டியிருந்தது. வேட்டைக் கோட்டைப் போட்டுக்கொண்டு, துப்பாக்கியைத் தோளில் சாய்த்து, கண்ணை மூடித் திறக்க வேண்டும். வட்டம் முழுதாகத் தெரிகிறதா, ஓரம் கருக்கிறதா என்று சொல்ல வேண்டும். நான் சொல்லச் சொல்ல வெண்டெல் ஸ்கோப்பை முன்னும் பின்னும் நகர்த்தினான்.

"இதை நீ பிடிக்கறதுக்கென்ன?" என்று எல்டனைக் கேட்டேன்.

"தோள் வலி."

எந்தத் தோள் என்று எனக்குத் தெரியாதா? வெண்டெல் முன்னால் கை ஆடும் என்று கூச்சம். மானத்தைக் காப்பாற்றிவிடுவோம் என்று சும்மா இருந்தேன். துப்பாக்கிக் கட்டையின் பின்னால் ரப்பர் மெத்தை போட்டதற்கும் அந்தத் தோளையே காரணம் சொன்னார். சரளைக் குழியில் காகிதத் தட்டை நட்டுவைத்துக் குறி சரிபார்த்தபோதும் அதே தோள். சுட்டது நான். சின்ன வயதில் அப்பா பண்ணையில் முள்ளம்பன்றி சுட்டவள்தான், ஆனாலும் எத்தனை வருஷம்! மூன்றாவது குண்டு தட்டின் நடுவில் ஓட்டை போட்டது. எல்டன் தட்டைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தார்.

"தட்டு நின்னுக்கிட்டிருக்கும், மான் நிக்காது," என்றேன். "நீ டாக்டர்கிட்ட போ எல்டன். கெஞ்சிக் கேக்கறேன்."

"சீசன் முடியட்டும், டோரி."

அழுகை வந்தது. அழக்கூடத் தெம்பில்லை.

வேட்டைக்கு முதல் நாள் ராத்திரி, "நாளைக்கு நீயும் வா. காபி ஊத்த ஆள் வேணும்," என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் காட்டில் மானுக்காக மறைந்து காத்திருக்கும் அவர் குடிலுக்குள் நான் உட்கார்ந்ததே இல்லை. வருஷா வருஷம் என் பேரிலும் ஒரு லைசென்ஸ் எடுப்பார், அதோடு மானின் கொம்பில் கட்ட ஒரு சீட்டும் வரும். அந்தச் சீட்டில் மான் சுடுவதும் அவர்தான். எங்கள் ஊரில் பாதிப் பெண்கள் இப்படித்தான், அடுப்பங்கரையை விட்டு நகராமலே பெரிய வேட்டைக்காரிகள். முறையில்லாத காரியம்தான், யாரும் அதைப் பேசுவதில்லை. வரமாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்புறம், அவர் கை துப்பாக்கியைத் தூக்கும்போது பக்கத்தில் ஒருத்தி இருந்தால் தடுக்கலாமே என்று தோன்றியது. போனேன்.

ஒட்டுப்பலகைக் குடில். இரண்டு பிளாஸ்டிக் வாளிகளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தோம். கறியும் உருளைக்கிழங்கும் வைத்துச் சுட்ட பேஸ்டியைச் சூட்டோடு செய்தித்தாளில் சுற்றிக் கோட்டுக்குள் வைத்திருந்தேன். அந்தக் கதகதப்பு ஒன்றுதான் சுகம். வெளிச்சம் சாம்பலாகப் பரவியபோது சதுப்பு ஓரத்தில் ஒரு கிளை நகர்ந்தது. கிளை இல்லை, கொம்பு. இளம் மான். தலையைத் தாழ்த்திப் பனியை மோந்தது.

எல்டன் துப்பாக்கியை எடுத்தார். நான் அவர் கோட்டுக் கையைப் பிடித்தேன். அவர் என் கையை விலக்கிவிட்டு, துப்பாக்கியை மெதுவாக என் மடியில் வைத்தார்.

"நீ சுடு."

"என்ன?" மூச்சுக் குரலில் கேட்டேன். "இது உன் துப்பாக்கியாச்சே."

"அதுல எனக்கு ஒண்ணும் தெரியாது டோரி. நான் பார்த்தா ஓரமெல்லாம் கருப்பு. உன் கழுத்துக்கும் கண்ணுக்கும் அளவா வச்சது அது. வெண்டெலுக்குத் தெரியும்."

கடை வாசல் குளிர், கோட்டு, ரப்பர் மெத்தை, காகிதத் தட்டு எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வந்து நின்றன.

"டாக்டர்?"

"ஆகஸ்ட்லயே போனேன். லாயிட் கூட்டிட்டுப் போனான்."

"மீன் பிடிக்கப் போறேன்னு போனியே, அன்னிக்கா?"

"அன்னிக்குத்தான். உங்கப்பாவுக்கு இருந்ததேதான், டோரி. குறையாதாம்." மானைப் பார்த்துக்கொண்டே பேசினார். "போன வருஷ மான் மாதிரி இன்னொண்ணை என்னால விட முடியாது. காட்டுக்கு வராமலும் இருக்க முடியாது. வேற என்ன செய்யறதுன்னு தெரியல."

மூன்று மாசம் இதைத் தனியாகச் சுமந்திருக்கிறார். என்னையும் தனியாகச் சுமக்க விட்டிருக்கிறார். அந்த நிமிஷம் துப்பாக்கிக் கட்டையாலேயே ஒன்று வைக்கலாம் போலக் கோபம் வந்தது. சமையல் நான், பொத்தான் நான், இனி வேட்டையும் நானா?

"எனக்கு இதுல இஷ்டமான்னு ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டா மாட்டேன்னு சொல்லியிருப்ப."

"ஆமா."

"அதான் கேக்கல."

மான் இன்னும் போகவில்லை. துப்பாக்கியைத் தோளில் சாய்த்தேன். கழுத்தை நீட்டவும் வேண்டாம், மடக்கவும் வேண்டாம், கண்ணைத் திறந்ததும் வட்டம் முழுதாக நின்றது. அதன் நடுவில் மானின் முன்காலுக்குப் பின்னால் அசையாத குறுக்குக் கோடு. "இனிமே தனியா ஒரு டாக்டர்கிட்டயும் போகக் கூடாது," என்றேன். "சரி," என்றார். மூச்சைப் பாதி விட்டு நிறுத்திக்கொண்டு சுட்டேன்.

மான் இரண்டடி ஓடி விழுந்தது. பிறகு எழவே இல்லை. எல்டன் முகத்தைத் துடைத்துக்கொண்டதை நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

வெளியே வந்து பனியில் நடந்து போனோம். அவர் கோட்டுப் பையிலிருந்து சீட்டை எடுத்தார். என் பேர் போட்ட சீட்டு, முதல் தடவையாக நியாயமாக என்னுடையது. குனிந்து கொம்பில் கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போட ஆரம்பித்தார். விரல்கள் உருண்டன, கயிறு நழுவியது. மறுபடி சுற்றினார், மறுபடி நழுவியது. "தள்ளு" என்று சொல்ல வாய் வந்தது. முதுகு விட்டுப்போயிருந்தது, பாதம் மரத்திருந்தது, மானை இழுத்துக்கொண்டு போக இன்னும் அவ்வளவு தூரம் கிடந்தது. கைகளை அக்குளில் செருகிக்கொண்டு, அவர் அந்த முடிச்சைப் போட்டு முடிக்கும்வரை பேசாமல் நின்றேன்.