அளந்து குடித்த தண்ணீர்

காய்ச்சல்தான் முதல் அறிகுறி என்று மருத்துவரிடம் சொன்னேன். அது சரியல்ல. காய்ச்சலுக்குப் பல நாள் முன்பே என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டத் தொடங்கியிருந்தது. குழந்தையைக் கொஞ்ச வாயெடுத்தால் சொல்லுக்குப் பதில் காற்றுதான் வரும்.

எனக்கு நாற்பத்தொரு வயது. பள்ளியில் வேதியியல் கற்பிக்கிறேன். திருமணமாகி நெடுங்காலம் கழித்து, அறுவைசிகிச்சையில் பிறந்த முதல் குழந்தை, பெண். என் அம்மா இப்போது இல்லை. அக்கா தங்கையும் கிடையாது. அதனால் கணவரின் அக்கா, என் மதினி, வாடிப்பட்டி வீட்டைப் பூட்டிவிட்டுக் காளவாசலில் எங்களுடன் வந்து தங்கினார். கட்டைப்பை நிறையப் பூண்டும் கருவாடும் கொண்டுவந்திருந்தார்.

அவர் என்னைத் தாங்கியதுபோல் அதுவரை யாரும் தாங்கியதில்லை. சுடச்சுடப் பூண்டுக் குழம்பு, பால்சுறாப் புட்டு, குளித்து வந்ததும் தலைமுடிக்குச் சாம்பிராணிப் புகை. தடை என்று இருந்தது ஒன்றுதான்.

"பச்ச ஒடம்புத்தா இது. தண்ணிய மடக்கு மடக்குன்னு குடிச்சா தையல் சீழ் வச்சிரும். சோத்துக்கு ஒரு டம்ளர், அம்புட்டுத்தான்."

தண்ணீர் நிறையக் குடிக்கும்படி மருத்துவமனைச் செவிலியர் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். ஆனால் 'சீழ்' என்ற சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. அதைவிட, நான் என்ன செய்ய வேண்டும் என்று உரிமையோடு சொல்ல ஓர் ஆள் கிடைத்ததே எனக்கு ஆறுதலாக இருந்தது. சொன்னதைச் சொன்னபடி செய்வது என் சுபாவம். சோற்றுக்கு ஒரு டம்ளர். அதற்கு மேல் ஒரு வாய்கூட இல்லை.

பால் குறைந்தது. சிறுநீர் கழிக்கும்போது எரிந்தது. குழந்தை மார்பை உதறிவிட்டு வீறிட்டாள். அவள் அழும்போதெல்லாம் நானும் சுவர்ப்பக்கம் திரும்பி அழுதேன். "தவமா தவமிருந்து பெத்த பிள்ளை" என்று வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். எனக்கோ அவள் யாரோ என்னிடம் விட்டுப்போன குழந்தையாகத் தெரிந்தாள். இது இப்படியே இருந்துவிடுமோ என்பதுதான் என் பயம். கணவரிடம்கூட அதைச் சொல்லவில்லை.

ஒரு நாள் காலை காய்ச்சலில் உடம்பு தூக்கிப்போட்டு நடுங்கியது. கணவர் ஆட்டோ பிடித்தார். மதினி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கூடவே வந்தார்.

"தண்ணி எவ்வளவு குடிக்கிறீங்க?" என்று மருத்துவர் கேட்டார்.

"மூணு டம்ளர்."

"ஒரு வேளைக்கா?"

"ஒரு நாளைக்கு."

மருத்துவர் நிமிர்ந்து மதினியைப் பார்த்தார். மதினி குழந்தையின் குல்லாயைச் சரிசெய்தார்.

சிறுநீர்ப் பாதைத் தொற்று (சிறுநீர் வரும் வழியில் கிருமி பரவுவது) என்று பரிசோதனை சொன்னது. அறுவைசிகிச்சையின்போது சிறுநீருக்கு வைத்த குழாயாலும் வந்திருக்கலாம், தண்ணீர் குடிக்காதது அதை வளர்த்துவிட்டது என்றார் மருத்துவர். பிறகு, "அழுகை வருதாம்மா?" என்று கேட்டார்.

"பாப்பா அழுதா எங்கயாவது போயிரலாம்னு இருக்கு. எம் பிள்ள மாதிரியே தோணல" என்றேன். சொன்ன பிறகுதான் மதினியும் கணவரும் அருகில் நிற்பது உறைத்தது.

பேறுகால மனச்சோர்வு (மகப்பேற்றுக்குப் பின் சில தாய்மாருக்கு வரும் மனநோய்) என்று மருத்துவர் அதற்குப் பெயர் சொன்னார். பாசம் இல்லாததால் வருவதல்ல, மருந்தாலும் மனம்விட்டுப் பேசுவதாலும் குணமாகும் என்றும் சொல்லி, மனநல மருத்துவரைப் பார்க்க எழுதிக்கொடுத்தார்.

கணவர் மருந்து வாங்கப் போனார். நடைபாதை பெஞ்சில் மதினி என்னை உற்றுப் பார்த்தார்.

"நெசமாவே மூணு டம்ளர்தான் குடிச்சியா?"

"நீங்கதான மதினி சொன்னீங்க."

"சொல்லுவோம்தான்! எந்தப் பொம்பள அப்பிடியே கேட்டா? நான் பெத்துக் கெடந்தப்ப, குளிக்க வச்ச வெந்நியவே மோந்து குடிச்சேன். எங்க சின்னம்மா கஞ்சித் தண்ணிய யாருக்கும் தெரியாம குடிச்சாக. நீயும் திருடிக் குடிப்பேன்னுதான நெனச்சேன்!"

"எனக்கு அது தெரியாதே மதினி."

அவர் முகம் மாறியது. "ஒங்கம்மா இருந்திருந்தா காதுல சொல்லிருக்கும்" என்றார் மெதுவாக. சேலைத் தலைப்பில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "டீச்சருக்குப் படிச்சவளாம். ஒரு வாய்த் தண்ணி திருடத் தெரியல" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. தையல் இழுத்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவரும் அழுதுகொண்டே சிரித்தார்.

அன்றுமுதல், பால் கொடுக்க உட்கார்ந்தால் சொம்பு முன்னே வந்துவிடும். "குடி. டாக்டரம்மா என்னைய ஏசுறதக் கேக்க முடியாது." தொற்று சீக்கிரம் அடங்கியது. பால் மெல்லத்தான் ஊறியது. இடையில் புட்டிப்பாலும் கொடுத்தோம்.

மனம் அதைவிட மெதுவாகத் தேறியது. மாத்திரை எடுத்தேன், மருத்துவரிடம் பேசினேன், சில நாள் முன்னேறிச் சில நாள் சரிந்தேன். இப்போது அதே இருட்டில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: பாசம் ஒரு நாளில் கதவைத் தட்டிக்கொண்டு வரும் என்று காத்திருக்காதீர்கள். எனக்கு அது வந்த நாள் தெரியாது. ஒரு மதியம் அவள் தூங்கிக்கொண்டிருந்தபோது, எப்போது விழிப்பாள் என்று நான் பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்தேன். அவ்வளவுதான்.

மீண்டும் பள்ளிக்குப் போகிறேன். தழும்பைச் சுற்றி இன்னும் மரத்திருக்கிறது. முன்பெல்லாம் பாடவேளை மணிதான் என் நேரம். இப்போது மாலையில் பேருந்து காளவாசல் சிக்னலில் நிற்கும்போதே மார்பு கனத்துச் சேலை நனைகிறது. உடனே மதினியைக் கைபேசியில் அழைப்பேன்.

"பாப்பா முழிச்சிட்டாளா? பசிக்குதா?"

"அவ கெடந்து தூங்குறா" என்பார் மதினி. "பசி ஒனக்குத்தான். வெரசா வா."