சூசையப்பர் அனுப்பிய ஜீப்

பழைய கோயில் சுவரில் நான் பூசிய சுண்ணாம்புப் பூச்சு மூன்றாம் முறையாக விழுந்த அன்று காலை, பையைக் கட்டினேன். பெரிய வேலை இல்லை. இரண்டு லுங்கி, ஒரு சட்டை, ஒரு செபமாலை, ஒரு பூச்சுக் கரண்டி. பிழைக்க வந்த ஊரில் தலைகுனிந்து நிற்பதைவிடப் போய்விடுவது மேல் என்று தோன்றியது. அப்படிப்பட்ட என்னை ஆண்டவர் எப்படிப் பிடித்து நிறுத்தினார் என்பதைப் பங்கு மக்களாகிய உங்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும். சிரிப்பு வந்தால் சிரியுங்கள். நம் சாமியாரும் சிரித்தார்.

என் பெயர் ஆரோக்கியம். ஏழாவதில் பாதி வரை படித்தவன். பிறகு ஊர் ஊராகப் போனேன். ஓட்டலில் மாவு அரைத்தேன், லாரியில் கிளீனராக இருந்தேன், சிமெண்ட் பூச்சு வேலை கற்றேன். சோறு கிடைத்த நாளில் சாப்பிட்டேன், கிடைக்காத நாளில் நடந்தேன். எந்த வேலையையும் முடியும் வரை நின்று பார்த்ததில்லை. கால் அரிக்கும், கிளம்பிவிடுவேன்.

இரண்டு ஆண்டுக்கு முன் வேளாங்கண்ணிக்கு நடந்துபோகிற கூட்டத்தோடு வந்தவன், காலில் கொப்புளம் உடைந்து காரைக்காலில் நின்றுவிட்டேன். கோட்டுச்சேரிக்குக் கிழக்கே, வயல் முடிந்து கடற்கரை தொடங்கும் இடத்தில் இருக்கும் இந்தப் பங்கில்தான் எனக்கு மருந்தும் சோறும் கிடைத்தன. பதிலுக்கு மரம் வெட்டினேன், மணி அடித்தேன்.

பிரெஞ்சுக்காரர் காலத்துச் சூசையப்பர் கோயில் அப்போது பூட்டிக் கிடந்தது. பூசை எல்லாம் ரோட்டோரத்துப் புதுக் கோயிலுக்குப் போய்விட்டது. பழையதைச் செப்பனிட்டு ஊருக்கே பொதுக்கூடமாக்க வேண்டும் என்பது சாமியாரின் ஆசை. மழைக்காலத்தில் குடிசைக்காரர்கள் தங்கலாம், பிள்ளைகள் படிக்கலாம், மகளிர் குழு கூடலாம். ஆனால் அடுத்த மழைக்குள் சுவரைச் சரிசெய்யாவிட்டால் இடித்துவிட வேண்டும் என்று இஞ்சினியர் எழுதிக் கொடுத்துவிட்டார். சிமெண்டும் கூடாதாம். பழைய செங்கல் மூச்சுவிட முடியாமல் உதிர்ந்துவிடுமாம். சுண்ணாம்புதான் வேண்டும்.

"ஒனக்குச் சுண்ணாம்பு வேலை தெரியுமா?" என்று சாமியார் கேட்டார்.

"தெரியும் சாமி" என்றேன்.

'தெரியும்' என்ற ஒரு சொல்லை வைத்தே ஆறு மாநிலம் சுற்றியவன் நான். உண்மை என்னவென்றால், காரைக்குடியில் ஒரு பழைய வீட்டு வேலையில் கடுக்காயை இடித்து வெல்லத்தோடு தண்ணீரில் ஊறப்போட்டவன் நான்தான். அந்தத் தண்ணீரில்தான் சுண்ணாம்பைக் குழைப்பார்கள். நான்காம் நாள் பெங்களூருக்கு ஒரு லாரி கிளம்பியது, ஏறிவிட்டேன். எத்தனை நாள் ஊற வேண்டும் என்று நான் பார்க்கவே இல்லை.

அதனால் இங்கேயும் டிரம்களில் நான்கு நாள் ஊறவைத்தேன். பூசினேன். விழுந்தது. மறுபடி ஊறவைத்தேன், பூசினேன், விழுந்தது.

இதற்கிடையில் ஓர் அதிசயம். கோயில் பக்கமே வராத ஆண்கள் காலைப் பூசைக்கு வரத் தொடங்கினார்கள். விபூதி பூசிக்கொண்டுகூடச் சிலர் வந்தார்கள். பூசை முடிந்ததும் பழைய கோயில் பக்கமாக நடை போடுவார்கள். ஒருவர் இடுப்பில் டம்ளர் இருந்ததை நான் பார்த்தேன். வெல்லம் புளிக்கும் வாசனை அவர்களை அழைத்து வந்திருக்கிறது. ஒரு வாய் குடித்தவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வயல் பக்கம் ஓடினார். கடுக்காய் தன் வேலையைக் காட்டிவிட்டது. ஆனாலும் மறுநாள் வந்தார்.

மூன்றாம் முறை விழுந்தபோதுதான் பையைக் கட்டினேன். போகும் முன் சூசையப்பர் சுரூபத்தின் முன் முழந்தாளிட்டேன். அழுகை வந்தது. "சூசையப்பரே, நீரும் வேலைக்காரர். ஒன்று, இந்த ஒரு வேலையையாவது என்னை முடிக்க வையும். இல்லையென்றால் யார் கண்ணிலும் படாமல் பஸ் ஏற்றிவிடும்" என்று செபித்தேன். உண்மையைச் சொல்கிறேன், இரண்டாவதைத்தான் நம்பிக் கேட்டேன்.

எழுந்து திரும்பினால் வாசலில் போலீஸ் ஜீப்.

இறங்கிய எஸ்.ஐ. அம்மா நேரே டிரம்மிடம் போய் மோந்து பார்த்தார்.

"என்னய்யா இது?"

"சுண்ணாம்புக்குங்கம்மா. கடுக்காத் தண்ணி."

"வெல்லம், டிரம்மு, நாலு நாள் ஊறலு. நான் பாக்காத சமையலா?"

"செவுத்துக்கு ஊத்தறதுங்கம்மா."

"இத்தனை வருசத்துல செவுத்துக்குன்னு சொன்ன மொத ஆளு நீதான்."

"தெருவுக்கு ரெண்டு சாராயக்கடை இருக்கிற ஊருல நான் ஏங்கம்மா கஷ்டப்பட்டு ஊறல் போடணும்?"

அவர் டிரம்மை மறுபடி மோந்து பார்த்தார். "அதான்யா எனக்கும் புரியல. அதனாலதான் சந்தேகமா இருக்கு. ஆமா, பையைக் கட்டிக்கிட்டு எங்க கிளம்பிட்ட?"

பையை முதுகுக்குப் பின்னால் தள்ளினேன். ஒரு பாட்டிலில் மாதிரி எடுத்தார்கள். டிரம்களும் சுண்ணாம்புத் தொட்டியும் இருந்த அறையைப் பூட்டிச் சீல் வைத்தார்கள். பரிசோதனை முடிவு வரும்வரை தினமும் காலையில் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும், ஊரை விட்டு அசையக் கூடாது என்றார்கள்.

என் வாழ்க்கையில் முதல்முறையாக ஓர் ஊரில் நிற்கவேண்டி வந்தது.

நாலைந்து நாள் போனதும் மனம் பொறுக்காமல் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். "சாமி, எனக்குச் சுண்ணாம்பு வேலை தெரியாது" என்றேன்.  தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து சாமியார், "இங்க சொன்னத நான் வெளியில சொல்ல முடியாதே! நீயே போயி ஊர்க்காரங்ககிட்ட சொல்லு. அதான் ஒன் அபராதம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஊரைக் கூட்டி எல்லோர் முன்னாலும் சொன்னேன்.  யாரும் அடிக்கவில்லை. மீன் விற்கும் செல்வி அக்கா எழுந்தார். மகளிர் குழுவுக்கு அவர்தான் தலைவி. மாரியம்மனைக் கும்பிடுகிறவர்தான், ஆனாலும் அந்தக் கூடத்துக்காக எங்கள் எல்லோரையும்விட அதிகம் அலைந்தவர் அவர்.

"போலீசுக்கு நான்தான் போன் போட்டேன்" என்றார்.

"ஏங்க்கா?"

"எங்க வூட்டுக்காரரு தெனம் காலையில குளிச்சிட்டுக் கோயிலுக்குக் கெளம்புறாரு. அந்த மனுசன் கடைசியா எப்ப குளிச்சாருன்னே எனக்கு ஞாபகமில்ல. சாமி கும்பிடவா போவாரு? பின்னாடியே போயி பாத்தேன், ஒன் டிரம்மு!"

சாமியார் தலையில் கை வைத்துக்கொண்டார். "பூசைக்குக் கூட்டம் பெருகுதுன்னு ஆயருக்கு லெட்டரே எழுதிட்டனேம்மா!"

பதினேழாம் நாள் முடிவு வந்தது. குடிக்கத் தகுந்ததல்ல, சாராயமும் அல்ல என்று எழுதியிருந்தது. எஸ்.ஐ. அம்மாவே வந்து சீலை உடைத்தார். உள்ளே தண்ணீர் கருத்து, நுரை அடங்கி, விரலில் ஒட்டியது. தொட்டியில் சுண்ணாம்பு வெண்ணெய்போல் இருந்தது. என் கையில் விட்டிருந்தால் நான்காம் நாளே தொட்டிருப்பேன். போலீஸ் பூட்டியதால் அது ஊறியது.

ஒரு முழ அகலம் பூசினேன். அது சீக்கிரம் காய்ந்து வெடிக்காமலிருக்கச் செல்வி அக்கா ஈரச் சாக்கைத் தொங்கவிட்டார். ஒரு வாரம் யாரும் சாக்கை விலக்கவில்லை. எட்டாம் நாள் விலக்கிக் கரண்டிப் பிடியால் தட்டினேன். விழவில்லை. ஓங்கித் தட்டினேன். விழவில்லை. "போதும், ஒடச்சிடாத" என்று அக்கா கையைப் பிடித்தார். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். நான் நம்பாமல் கேட்ட முதல் வேண்டுதலுக்குத்தான் பதில் வந்திருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது.

மார்ச் பத்தொன்பது திருநாளுக்குள் முடியவில்லை. நல்ல வேளை, சூசையப்பருக்கு ஆண்டில் இரண்டு திருநாள். மே முதல் தேதி, உழைப்பாளர் சூசையப்பர் நாளில் கூடத்தைத் திறந்தோம். அந்த ஐப்பசி மழையில் தாழ்வான பக்கத்துக் குடும்பங்கள் நான்கு நாள் அங்கே தங்கின. காற்று சுழற்றி அடித்தது. நான் மழையைப் பார்க்கவில்லை, சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சில்லுகூட உதிரவில்லை. "மாரியம்மனுக்கு அடுத்து எங்களுக்குச் சூசையப்பர்தான்" என்று செல்வி அக்கா கஞ்சி ஊற்றிக்கொண்டே சொன்னார்.

இப்போது அந்தக் கூடத்தைப் பார்த்துக்கொள்கிறவன் நான். யாராவது வேலை தெரியுமா என்று கேட்டால் தெரியாததைத் தெரியாது என்கிறேன். கால் இன்னும் அரிக்கிறது. அப்போதெல்லாம் போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன். அன்று நான் கட்டிய பையில் இப்போது செல்வி அக்கா வெங்காயம் போட்டு வைத்திருக்கிறார்.

அன்பானவர்களே, ஓடிப்போக நினைத்து நிற்கிறவர் உங்களில் யாராவது இருந்தால், ஒரு நிமிடம் முழந்தாளிட்டுக் கேளுங்கள். நான் கேட்டது பஸ். அவர் அனுப்பியது ஜீப். உங்கள் வாசலிலும் வந்து நின்றால் பயப்படாதீர்கள். பையை மட்டும் கீழே வையுங்கள்.