தாமுவேயில் ஒரு வீடு

என் கணவர் என்னைக் கொரியாவுக்குக் கூட்டிப்போனது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில், ஒரு மார்கழியில். ரங்கூனில் எங்கள் தெருப் பெண்களில் ஒருத்திகூட அதுவரை பனியைப் பார்த்ததில்லை. ஆற்றைத் தாண்டிச் சிரியத்துக்குப் போய்வரக்கூட என்னை அழைக்காத மனிதர், கடல் தாண்டி ஊர் பார்க்க வா என்றபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அக்கம்பக்கத்தாரின் வயிற்றெரிச்சலை ரசிப்பதில் மும்முரமாக இருந்துவிட்டேன்.

அவர் ஓர் அரிசி மில்லில் தலைமைக் குமாஸ்தா. முதலாளிக்காக ஜப்பானில் வியாபாரம் பேசப் போனபோது என்னையும் கூட்டிப்போனார். பேச்சு நல்லபடியாக முடிந்ததும் அரிசி வாங்குகிறவர்கள், கொரியாவில் ஒரு மலை இருக்கிறது, பார்த்துவிட்டுப் போங்கள் என்று எல்லா ஏற்பாடும் செய்து கொடுத்தார்கள். இலை சிவக்கும் காலத்தில் கூட்டம் அலைமோதும் மலையாம். நாங்கள் போனபோது ஒரு காக்காய்கூட இல்லை.

புடவைக்கு மேல் அவருடைய கோட்டு, அதற்கு மேல் கம்பளி, காலில் ஆண்பிள்ளைப் பூட்ஸ் என்று நான் நின்ற கோலத்தை எங்கள் தெரு பார்க்காதது என் அதிர்ஷ்டம். விடுதியில் தரைக்கு அடியில் நெருப்பு மூட்டுவார்கள். படுத்தால் முதுகு வேகும், மூக்கு விறைக்கும். சாப்பாட்டில் மிளகாய்ப்பொடி போட்டு ஊறவைத்த கோஸ் வைத்தார்கள். அந்தச் சிவப்பைப் பார்த்து ஆசையாக வாயில் போட்டேன். குளிரில் நாக்கு மரத்துப்போய் உறைக்கவே இல்லை.

மறுநாள் காலை ஓர் அருவியைப் பார்க்க நடந்தோம். வழிகாட்டும் கொரியர் வெகுதூரம் முன்னால் போய்விட்டார். அருவி பாறையோடு பாறையாக உறைந்து நின்றது. சத்தமே இல்லை. அதைப் பார்த்தபடியே என் கணவர் சொன்னார்.

"தாமுவேல ஒரு வீடு இருக்கு."

தாமுவே ரங்கூனிலேயே இன்னொரு பேட்டை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எங்களுடையது ஒண்டுக்குடித்தன வீடு. குழாயடியில் தினமும் சண்டை. "சொந்தமாவா? எத்தனை ரூம்? குழாய் உள்ளேயே இருக்கா?" என்று கேட்டேன்.

"நீ நெனைக்கிற வீடு இல்ல. பர்மாக்காரப் பொண்ணு. ஒரு பையன் இருக்கான். நடக்க ஆரம்பிச்சு ஓடவும் செய்யறான்."

ஓர் ஆணுக்கு இன்னொரு இடத்தில் வீடு இருக்கிறது என்றால் என்ன அர்த்தம் என்று ரங்கூனில் தெரியாதவர் கிடையாது. அடுத்தவள் புருஷனைப் பற்றி நானே வாய்கூசாமல் சொல்லியிருக்கிறேன். என் புருஷன் சொன்னபோது மட்டும் அது வெறும் பலகையும் தகரமுமான வீடாகவே தெரிந்தது.

"ரெண்டு பேரையும் நம்ம வீட்டுக்கே கொண்டாந்துடலாம்னு பாக்கறேன். ஒனக்கு ஒத்துவரலேன்னா, நீ ஊர்ல ஒங்க அண்ணன் வீட்டுல போய் இரு. செலவுக்கு அனுப்பிடறேன். கப்பல் ரங்கூன் போய்ச் சேர்றதுக்குள்ள சொல்லு."

எங்களுக்குப் பிள்ளையில்லை. அண்ணன் வீடு என்பது அண்ணியின் வீடு. வாழாவெட்டியாக அங்கே போய் அடுப்படியில் ஒதுங்குவதா, இங்கேயே இன்னொருத்தியோடு அடுப்பைப் பங்குபோடுவதா? இரண்டில் ஒன்றை நான் சொல்ல வேண்டும். கத்தினாலும் கேட்க ஆளில்லாத இடமாகப் பார்த்துத்தான் கூட்டிவந்திருக்கிறார். ஆனால் எனக்குக் கத்தத் தோன்றவில்லை. கால்விரல்கள் இருக்கின்றனவா என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். வழிகாட்டி திரும்பிப் பார்த்து, அருவி எப்படி என்று கையால் கேட்டார். நன்றாக இருக்கிறது என்று தலையாட்டினேன்.

அதன் பிறகும் ஊர் சுற்றினோம். ஒரு புத்தர் கோயில் பார்த்தோம். வெந்நீர் ஊற்றில் குளித்தேன். தோல் சிவந்தது. எனக்குச் சுட்டதாகத் தெரியவில்லை.

கப்பலில் தினமும் காலையில் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அது வீம்பு இல்லை; சொல்வதற்கு உள்ளே எதுவும் இல்லை. அவர் பாதியாக இளைத்துப்போனார். எனக்குப் பாவமாகக்கூட இல்லை.

ரங்கூன் ஜெட்டியில் எங்கள் தெருவே வந்து நின்றது. பனி எப்படி இருக்கும், கையில் எடுத்தால் ஒட்டுமா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். அவர்களுக்குப் பின்னால், கிடங்கு ஓரமாக, முகத்தில் தனாக்கா மரப்பட்டைக் குழம்பு பூசிய ஒரு பர்மியப் பெண் நின்றிருந்தாள். என்னைவிடச் சின்னவள். பிள்ளையின் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். என்னைக் கண்டு பயந்திருந்தாள்.

பிள்ளை கையை உதறிக்கொண்டு, "அப்பே, அப்பே" என்று ஓடிவந்து அவர் காலைக் கட்டிக்கொண்டது. பனியைப் பற்றிக் கேட்டவர்கள் பிள்ளையைப் பார்த்தார்கள். அவர் குனியவில்லை. என்னைப் பார்த்தார். அந்தப் பெண்ணும் என்னையே பார்த்தாள்.

எனக்கு உட்கார வேண்டும்போல் இருந்தது. வழியை மறித்துக்கொண்டு இத்தனை பேர் நிற்கிறார்களே என்றிருந்தது.

"புள்ளையத் தூக்குங்க. வண்டிக்காரன் எவ்வளவு நேரம் நிப்பான்?" என்றேன்.

அவர் தூக்கிக்கொண்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் ஜெட்டிப் பலகையிலேயே மண்டியிட்டு என்னைக் கும்பிட்டாள். "அக்காவுக்குப் பெரிய மனசு" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. தெருவில் இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

குதிரை வண்டியில் பெட்டிகள் போக எல்லோருக்கும் இடம் போதவில்லை. பையனை என் மடியில் வைத்தார்கள். கொஞ்ச தூரம் போவதற்குள் தூங்கிவிட்டான். அவன் கனம் மட்டும் எனக்குத் தெரிந்தது.