இரண்டு பேப்பர்

தொண்ணூற்றொன்றில் பெங்களூரில் காவிரிக் கலவரம் நடந்தபோது என் மகளுக்கு நான்கு வயது. பீன்யாவில் வேலை முடிந்து, பஸ் இல்லாமல், ஜீவனஹள்ளி வரை நடந்தே வந்தேன். வழியில் பயந்துபோய், கையிலிருந்த தமிழ்ப் பேப்பரைச் சாக்கடையில் போட்டேன். அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வந்துவிட்டது. தினமும் இரண்டு பேப்பர் வாங்குவேன். கன்னடப் பேப்பரை விரித்து, அதற்குள் தமிழை மடித்து வைத்து, பஸ்ஸில் படிப்பேன். வெளியில் மகளிடம் கன்னடம்தான். அவளும் அப்படியே வளர்ந்தாள். பள்ளியில் அவள் தமிழ்ப் பெண் என்பது யாருக்கும் தெரியாது.

அவள் ஒன்பதாவது படிக்கும்போது நாடகம் சொல்லிக்கொடுக்க ஒரு டீச்சர் வந்தார், கன்னடக்காரர். அவரவர் வீட்டில் நடப்பதை எழுதி நடிக்கச் சொன்னார். மகள் மேடையில் தமிழ் பேசப்போகிறாள் என்று தெரிந்ததும் பள்ளிக்கு ஓடினேன். அவளை விட்டுவிடுங்கள் என்று டீச்சரிடம் கேட்டேன். தனக்குத் தெரிந்த தமிழில் அவர் சொன்னார்:

"நான் ஒரு வார்த்தை மாத்தல சார், எல்லாம் அவளே எழுதினது. பேடான்னா நீங்களே அவகிட்ட ஹேளி."

வேண்டாம் என்று அவளிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. மகள்தான் சொன்னாள்: "நீங்க வராதீங்கப்பா. உங்க மூஞ்சியப் பாத்தா எனக்குப் பேச்சு வராது."

அப்படியும் நாடகத்தன்று போனேன். தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

என் சட்டையைப் போட்டுக்கொண்டு, கன்னடப் பேப்பரோடு அவள் மேடையில், பஸ்ஸில் இருப்பதுபோல் உட்கார்ந்திருந்தாள். பக்கம் புரட்டுமுன் இடமும் வலமும் ஒரு பார்வை. நான் அப்படிப் பார்ப்பேன் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. கண்டக்டராக நடித்த பெண் "டிக்கெட்!" என்றதும் திடுக்கிட்டாள், உள்ளேயிருந்த தமிழ்ப் பேப்பர் நழுவி விழுந்தது. கூட்டம் சிரித்தது. சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, அதை எடுத்து விரித்து, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி வாசித்தாள். வானிலைச் செய்திதான். முதல் வரியில் குரல் நடுங்கியது, இரண்டாவதில் நடுக்கம் இல்லை. அத்தனை பேர் முன்னால் நான் என் பெயரைக்கூட அப்படிச் சொன்னதில்லை.

முடிந்ததும் அந்தக் கண்டக்டர் பெண் என்னிடம் ஓடிவந்தாள். "அங்கிள், நீவு நிஜவாகலூ ஹாகே மாடுத்தீரா?" நிஜமாகவே அப்படிச் செய்வீர்களா என்று கேட்கிறாள். "ஹௌது" என்று கன்னடத்திலேயே ஆரம்பித்தேன்.

"தூணுக்குப் பின்னாடி ஒளிஞ்சீங்களே, அப்பவே பாத்துட்டேன்," என்றாள் மகள். "தமிழ்லயே சொல்லுங்கப்பா, அவளுக்குப் புரியும்."

"ஆமாம்மா," என்றேன். சொல்லும்போதே கண் ஒருமுறை வாசல் பக்கம் போய்வந்தது.