லலிதாவின் தட்டும் மாஷிமாவின் பாயேஷும்

பிள்ளைத்தாச்சியின் தட்டிலிருந்து சோற்றை எடுப்பதற்குச் சம்பளம் கொடுக்கிற உத்தியோகம் ஒன்று உண்டு. எழுபதுகளில், தெற்குக் கல்கத்தாவின் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில், டயட்டீஷியன் என்ற பெயரில் அதைத்தான் பார்த்தேன். வாயைக் கட்டச் சொன்னவர்களுக்கும் கட்டிக்கொண்டவர்களுக்கும் என் வயிற்றெரிச்சல் புரியும்.

காற்றுச் சாப்பாடு

லலிதா பாலிகஞ்சில் குடியிருந்த தமிழ்ப் பெண். முந்தின வருஷம் எட்டாம் மாசத்தில், குழந்தை வயிற்றிலேயே போய்விட்டது. இந்தத் தடவை ஐந்தாம் மாசமே சர்க்கரை தெரிந்துவிட, டாக்டர் என்னிடம் அனுப்பினார். சாப்பாட்டில் அடக்காவிட்டால் இந்தக் குழந்தைக்கும் அதே ஆபத்து என்று சொல்லித்தான் அனுப்பினார்.

சோற்றைக் குறைத்தாள், காபிக்குச் சர்க்கரையை விட்டாள். ஆனாலும் சிறுநீரை நீல மருந்தில் விட்டுக் கொதிக்க வைத்தால் செங்கல் நிறம்தான் வந்தது. நீலமாகவே நின்றால் நல்லது. செங்கல் என்றால் சர்க்கரை ஏகத்துக்கு இருக்கிறது. துருவித் துருவிக் கேட்டேன். பசி தாங்காமல் டின் நிறையப் பொரி வைத்துக்கொண்டு நாள் முழுக்கக் கொறித்திருக்கிறாள். பொரியும் அரிசிதானே என்று தலையில் அடித்துக்கொண்டேன். பாங்கில் வேலை பார்த்த அவள் கணவர் பவ்யமாகக் கேட்டார்: "அது வெறும் காத்துதானே மேடம்?"

கீழ்வீட்டு அம்மாள்

பொரி நின்றது, செங்கல் போகவில்லை. கீழ்வீட்டு வங்காளி அம்மாள் தினமும் ஈச்சவெல்லம் போட்ட சந்தேஷ் என்கிற பால் இனிப்பைக் கொண்டுவந்து ஊட்டிவிடுகிறார் என்று தெரிந்தது. அவரை மாஷிமா, அதாவது சித்தி, என்றுதான் லலிதா கூப்பிடுவாள். தாயில்லாத பெண், அன்பாகக் கொடுப்பதை எப்படி மறுப்பாள்? அவரையே வரச் சொன்னேன்.

வெல்லம் மரத்திலிருந்து வருகிறது, அதில் என்ன கெடுதல் என்று மாஷிமா வங்காளியில் வாதம் செய்தார். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. போன தடவை என்ன நடந்தது தெரியுமா என்று கத்திவிட்டேன். அவர் பதிலுக்குக் கத்தவில்லை. "அந்தக் குழந்தையைத் துணியில சுத்திக் கொடுத்தவளே நான்தாம்மா. இவ வாந்தி எடுத்துப் பட்டினி கிடந்ததாலதான் அது போச்சுன்னு இத்தனை நாளா நெனச்சிட்டிருக்கேன்."

பாயேஷ்

அன்று அவரை உட்காரவைத்து, தாயிடம் சர்க்கரை மிஞ்சினால் அவதி குழந்தைக்குத்தான் என்று நிதானமாகச் சொன்னேன். அதற்கப்புறம் லலிதாவின் சமையலறையே மாஷிமா கைக்குப் போனது. சோற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துக் கொடுத்தார், பாகற்காயும் பருப்பும் சமைத்தார். லோட்ஷெடிங்கில் கரண்ட் போன இருட்டிலும் மண்ணெண்ணெய் அடுப்பின் மேல் கண்ணாடிக் குழாயைப் பிடித்து நிறம் பார்த்தார். செங்கல் மஞ்சளாகி, பச்சையாகி, கடைசியில் நீலத்துக்கு வந்தது.

ஒன்பதாம் மாசம் அவர் வீட்டில் 'சாத்' செய்தார். நம் வளைகாப்பு மாதிரி. ஆனால் அங்கே வளையலைவிடச் சாப்பாடுதான் பெரிசு. பாயேஷ் என்கிற பால் பாயசம் இல்லாமல் அது நடக்காது. நான் பாயேஷ் கிண்ணத்தின் மேலேயே கண்ணை வைத்து உட்கார்ந்திருந்தேன். மாஷிமா கிண்ணத்தை லலிதா முன்னால் வைத்தார், விரல் நுனியில் தொட்டு அவள் நாக்கில் தடவினார், கிண்ணத்தை எடுத்துவிட்டார். பிள்ளைத்தாச்சியை இப்படியா ஏங்க விடுவது என்று வந்திருந்த பெண்கள் முணுமுணுத்தார்கள். மாஷிமா அவர்களைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "உள்ளே இருக்கறது வெளியே வந்து சாப்பிடட்டும்."

வராந்தா

பிரசவம் ஆனதும் குழந்தை அழவில்லை. வராந்தாவில் லலிதாவின் கணவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். மாஷிமா என் கையை வலிக்கும்படி பிடித்திருந்தார், நானும் விடவில்லை. பிறகு கதவுக்குப் பின்னால் அழுகை கேட்டது. பெண் குழந்தை. நான் அழுதேன், நன்றாகவே அழுதேன்.

சில நாள் கழித்து, தாய்க்கும் குழந்தைக்கும் பயமில்லை, சர்க்கரையும் இறங்கிவிட்டது என்று டாக்டர் சொன்னார். மாஷிமா அதை நம்பாமல் என் அறைக்கு வந்து நின்றார். "இப்ப அவளுக்கு வயிறாரச் சோறு போடலாமா?"

போடுங்கள் என்றேன், சோற்றை எடுக்கச் சம்பளம் வாங்கியவள் சந்தோஷமாகச் செய்த ஒரே வேலை அதுதான்.