கதிர் வந்த பிறகு போட்ட யூரியா

கினியா புல்லை மாட்டுக்கு வளர்ப்பது வேறு, விதைக்கு வளர்ப்பது வேறு. மாட்டுக்கென்றால் ஒவ்வொரு அறுப்புக்குப் பிறகும் யூரியா போடலாம். இலை வரவர லாபம். விதைக்கென்றால், மழை தொடங்கியதும் புல்லை ஒரு சாண் விட்டு அறுத்து, ஈரம் காயுமுன் யூரியா முழுவதையும் ஒரே தடவையில் போட்டுவிட வேண்டும். அப்போதுதான் கதிர்கள் ஒன்றாக வந்து ஒன்றாக முற்றும். அதன் பிறகு சும்மா இருக்க வேண்டும்.

இந்தக் கடைசி வேலைதான் என் மனைவிக்கு வரவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் அத்திபெலேக்கு வெளியே ஒரு துண்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தோம். எனக்குப் பொம்மசந்திரா ஃபேக்டரியில் ஷிப்ட் வேலை. அவள் இரண்டு மாடுகளை வைத்துப் பால் ஊற்றினாள். அந்த வருஷம் நிலத்துக்காரர் குத்தகையைக் கூட்டினார். கட்ட முடியாவிட்டால் செங்கல் சூளைக்காரருக்குக் கொடுத்துவிடுவேன் என்றார். நிலம் போனால் மாடுகளை விற்றுவிட்டு, நகரத்துக்குள் ஸ்ரீராம்புரத்தில் என் அண்ணன் வீட்டு மாடி அறைக்குப் போக வேண்டியதுதான். அதனால் வரப்போரப் புல்லை மாடுகளுக்கு விட்டு, மற்றதையெல்லாம் விதைக்கு வளர்த்துத் தருவதாக ஒரு விதை வியாபாரியிடம் ஒப்புக்கொண்டோம்.

அறுத்த அன்றே யூரியாவை நானே அளந்து போட்டேன். கதிர்கள் ஒன்றுபோலத் தலைநீட்டின. விதை பிடிக்கத் தொடங்கியதும் அடியிலைகள் வெளுத்தன, அது இயல்பு. அந்தச் சமயத்தில் எனக்கு இரட்டை ஷிப்ட் வந்தது. ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அவளே சந்தோஷமாகச் சொன்னாள்.

"ஏங்க, வெதைப் புல்லு மூஞ்சி வெளுத்துக் கெடந்துச்சு. தூறல் வேற போட்டுச்சா, மாட்டுப் புல்லுக்கு வெச்சிருந்த யூரியாவ அதுக்கு வீசிட்டேன்."

"எவ்வளவு?"

"மூட்டையில இருந்தது அம்புட்டும்."

"கதிர் வந்த பிறகு போடக் கூடாதுன்னு சொன்னேனே."

"சொன்னீங்க. நீங்க ஷிப்டுக்குப் போயிடறீங்க, நான் தெனம் பாக்கறேன். பசியில நிக்கறதப் பாத்துட்டு எப்பிடிங்க சும்மா வர்றது?"

நான் எந்நேரம் திரும்பினாலும் சோற்றை மூடிவைத்துக் காத்திருப்பவளின் குரல் அது. கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன்.

புல் கரும்பச்சையானது. முற்றிக்கொண்டிருந்த கதிர்களுக்கு நடுவே புதுத் தூர்கள் கிளம்பின. விதை வாங்குபவர் பைக்கில் வந்து பார்த்தார். கன்னடக்காரர், எங்களோடு தமிழில் பேசுவார்.

"மாடுங்களுக்கு ஹப்பா சார், பெரிய திருவிழா! ஆனா வெதைய எப்போ அறுப்பீங்க? இது முத்திடுச்சு, பக்கத்துல பால் பிடிக்குது, அதோ அது இப்பத்தான் கண்ணு முழிக்குது."

நான் வாயைத் திறக்குமுன் அவள் சொன்னாள், "நான்தாண்ணா யூரியா போட்டேன்."

"அக்காவுக்குத் தாராளக் கை. இனி தெனம் தட்டித்தான் எடுக்கணும்."

ஒரே காலையில் அறுத்து முடித்திருக்க வேண்டியது, வாரக்கணக்கில் இழுத்தது. ஷிப்ட் எதுவானாலும், வீட்டில் இருக்கும் பகல் பொழுதில் பனி காய்ந்ததும் நான் போர்வையை விரித்துப் பிடிப்பேன். அவள் கதிர்களை வளைத்துத் தட்டுவாள். முற்றிய விதை மட்டும் உதிரும். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் நாங்கள் இருவரும் ஒரே வேலையில் சேர்ந்து நின்றது அப்போதுதான்.

"மெதுவா தட்டு. என்னா அடி இது?"

"உங்க மேல இருக்கற கோவங்க."

"என் மேல என்ன கோவம்?"

"திட்டவே இல்லியே நீங்க. திட்டியிருந்தா நானும் ரெண்டு பேசியிருப்பேன்ல."

நாங்கள் தட்டுவதற்குள் காற்றில் உதிர்ந்ததும் குருவி தின்றதும் போக, பாதி விதைதான் தேறியது. அதை வைத்துப் பாதி நிலத்தை மட்டும் தக்கவைத்துக்கொண்டோம். மறுபாதி சூளைக்குப் போயிற்று. மாடுகளை விற்கவில்லை.

அடுத்த மழைக்குப் புல்லை அறுத்ததும் அவளே யூரியாவை ஒரே தடவையில் போட்டு முடித்தாள். கதிர் வந்து இலை வெளுக்கத் தொடங்கியபோது, பால் கேனை எடுத்துக்கொண்டு சூளையைச் சுற்றிப் போக ஆரம்பித்தாள்.

"அது சுத்து வழியாச்சே," என்றேன்.

"அந்தப் புல்லுப் பக்கம் போனா என் கை சும்மா இருக்காதுங்க."

கதிர் முற்றும்வரை நான்தான் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். வாசலிலேயே கேட்பாள்.

"இன்னும் மஞ்சளாத்தான் இருக்குதா?"

"ம்."

"சரி, சொல்லாதீங்க."