ழகரத்தை விட்டுக்கொடுக்காதவர்

ரஹீமாக்கா இறந்துபோன செய்தி எனக்கு ஓர் எழுத்துப் பிழையோடு வந்து சேர்ந்தது. போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. நான் நாகலூர் எஸ்டேட்டில் ரைட்டர், கணக்கு எழுதுபவன்; அலுவலக வாசலில் நின்று பேர் கூப்பிட்டு ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்பிக்கொண்டிருந்தேன். கைப்பேசியில் ஏற்காடு கடைக்காரர்கள் குழுவில் அவருடைய படம் வந்தது. கீழே 'இயற்க்கை எய்தினார்' என்று போட்டிருந்தார்கள். நடுவில் துருத்திக்கொண்டிருந்த அந்தக் 'க்' கண்ணில் பட்டதும் துக்கத்தை முந்திக்கொண்டு கோபம் வந்துவிட்டது.

செய்தி போட்ட தம்பியைப் போனில் கூப்பிட்டேன்.

"கண்ணு, இயற்கைக்கு நடுவுல ஒரு க் அதிகமா இருக்குது. அதை எடுத்துட்டுத் திரும்பப் போடு."

"ஏனுங்க ரைட்டரே, சாவு சேதியிலயுமா அதெல்லாம் பார்ப்பீங்க?"

"அந்தம்மா சாவு சேதியிலதான் பார்க்கணும். ற் வந்தா அதுக்குப் பின்னால இன்னொரு புள்ளி வெச்ச எழுத்து வராது. அவங்க கடைக்கு ஜெராக்ஸ் எடுக்கப் போன எல்லாத்துக்கும் அது தெரியும். உனக்கும் தெரியும்."

இரண்டு நிமிடத்தில் திருத்திப் போட்டான். அதன் பிறகுதான் நான் உட்கார்ந்து அழுதேன்.

அடக்கம் முடிந்த மறு வாரம் இரங்கல் கூட்டம் நடத்தினார்கள். பேசியவர்கள் எல்லாரும் அவரைச் சாந்தமானவர், யார் மனமும் நோகாமல் நடந்தவர் என்றார்கள். அவரை அறிந்த உங்களிடம் கேட்கிறேன்: உண்மையாகவா? ரஹீமாக்கா சாந்தமானவர் இல்லை. பல பேர் மனம் அவரால் நொந்திருக்கிறது. என் மனமும்தான். இறந்துபோனார் என்பதற்காக அவரை வழவழப்பாக்கிச் சுவரில் மாட்டுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

சேலத்தில் பிறந்து, பத்தாவது வரை படித்து, கல்யாணமாகி மலையேறி வந்தவர். கணவருக்கு ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மிளகு, ஏலக்காய் விற்கிற கடை. அவர் காலமானதும் ரஹீமாக்கா கடையில் பாதியை ஜெராக்ஸ் கடையாக மாற்றினார். மனு எழுதிக் கொடுப்பது, படிவம் நிரப்பிக் கொடுப்பது எல்லாம் அங்கேதான். வாசலில் ஒரு கரும்பலகை. தினமும் காலையில் கடை திறந்ததும் முதல் வேலை, அதில் ஒரு வரி எழுதுவது. சாவியும் ஜன்னலும் அலமாரியும் போர்ச்சுகீசியர் கொண்டுவந்த சொற்கள் என்று ஒரு நாள். நம் கட்டுமரத்தை ஆங்கிலக்காரர் அப்படியே எடுத்துக்கொண்டார்கள் என்று ஒரு நாள். போன லீப் வருடம் பிப்ரவரி இருபத்தொன்பதாம் தேதி, 'நம்ம நாகலூர் மேஸ்திரிக்கு இன்று பதினைந்தாவது பிறந்தநாள்' என்று எழுதினார். மேஸ்திரிக்கு அன்று அறுபது வயது. பஸ்ஸில் இருந்து இறங்கியவர்கள் எல்லாரும் அவரைப் பிடித்துக்கொண்டு மிட்டாய் கேட்டார்கள். மனிதர் வெட்கப்பட்டு அந்த வாரம் முழுதும் டவுனுக்கே வரவில்லை.

ஒரு முறை நான்கைந்து இளைஞர்கள் கைப்பேசியோடு கடைக்கு வந்தார்கள். உலகத்தின் முதல் மொழி தமிழ்தான் என்று வெளிநாட்டு விஞ்ஞானிகள் அறிவித்த நாள் இது, இதைப் பலகையில் எழுதுங்கள் என்றார்கள். நான் அப்போது கடையில்தான் இருந்தேன்.

"எந்த விஞ்ஞானி? எந்த ஊர்ல அறிவிச்சாங்க?" என்று கேட்டார்.

"வாட்ஸப்புல வந்துருக்குதுங்க."

"அனுப்புனவனுக்கு யாரு அனுப்புனா?"

"தமிழைப் பத்திப் பெருமையா எழுதச் சொன்னா உங்களுக்கு எதுக்குங்க கசக்குது?" என்று ஒருவன் குரலை உயர்த்தினான். ரஹீமாக்கா சாக்பீஸை எடுத்து அவன் கையில் வைத்தார். "தமிழுக்குப் பொய்ச்சாட்சி தேவையில்லீங்க. நெசம் தெரிஞ்சா நீங்களே எழுதுங்க. தெரியலைன்னா தெரியலைன்னு எழுதுங்க. அதுக்கும் ஒரு வரிதான் ஆவும்" என்றார். அவன் எழுதவில்லை. மறுநாள் காலையில் பலகையை யாரோ உடைத்துப் போட்டிருந்தார்கள். அவர் அதே உடைந்த பாதியைச் சுவரில் சாய்த்து வைத்து எழுதினார்: 'உலகத்தின் முதல் மொழி எது? தெரியவில்லை. இன்று கடை உண்டு.'

குழந்தையன் விஷயத்தைப் பற்றி இதுவரை யாரும் சரியாக எழுதவில்லை. நான் எழுதிவிடுகிறேன்.

குழந்தையன் வெள்ளக்கடை என்கிற மலைக்கிராமத்தில் கொஞ்சம் காப்பியும் ஆரஞ்சும் பயிர் வைத்திருக்கும் மனிதர். மகள் சுமதி பன்னிரண்டாவது முடித்து, சேலத்தில் கல்லூரிக்கு விண்ணப்பித்திருந்தாள். சாதிச் சான்றிதழ் வேண்டும். பள்ளிச் சான்றிதழில் அப்பா பெயர் குழந்தையன். அப்பாவின் அடையாள அட்டையில் குலண்டையன். இரண்டு பெயரும் ஒத்துப்போகவில்லை என்று விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. ரஹீமாக்கா அட்டையைப் பார்த்த உடனேயே என்ன நடந்தது என்று சொல்லிவிட்டார். யாரோ பெயரை ஆங்கிலத்தில் அடித்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் ல, ள, ழ மூன்றுக்கும் பெரும்பாலும் ஒரே எழுத்து. த-வுக்கும் ட-வுக்கும் ஒரே எழுத்து. அந்த ஆங்கிலத்தைக் கம்ப்யூட்டர் திரும்பத் தமிழாக்கியபோது குழந்தையன் போய்க் குலண்டையன் வந்துவிட்டார்.

ரஹீமாக்கா, குழந்தையன், நான் மூன்று பேரும் அலுவலகத்துக்குப் போனோம். எந்த அலுவலகம் என்று எழுதப்போவதில்லை. அங்கிருந்த எழுத்தர் அட்டையைப் பார்த்துவிட்டு, "அசலையும் நகலையும் எடுத்துக்கிட்டுத் தாசில்தார் முன்னாடி ஆஜராகுங்க. அது நாளாகும். பொண்ணு சர்டிபிகேட்டுல அப்பா பேரைக் கார்டுல இருக்கற மாதிரி மாத்திக்குங்க, அதுதான் சுலபம்" என்றார்.

"குலண்டையன்னு ஒரு ஆளு இந்த மலையில பொறக்கவே இல்லீங்க. இல்லாத ஆளை எப்படிங்க அப்பான்னு எழுதறது?" என்றார் ரஹீமாக்கா.

எழுத்தர் அவருடைய முக்காட்டைப் பார்த்தார். "ஏம்மா, நீங்க உருது பேசறவங்க. எங்களுக்குத் தமிழ் சொல்லித்தர வந்துட்டீங்களா?"

ரஹீமாக்கா குரலை உயர்த்தவில்லை. "எங்க ஊட்ல தமிழ்தானுங்க. எங்கம்மா, அவங்கம்மா எல்லாருக்குமே தமிழ்தான். உருது எனக்கு ஒரு வரி தெரியாது. ஆனா நீங்க இப்பப் பேசுனதுல பாருங்க. அசல் அரபி. நகல் அரபி. ஆஜர் அரபி. தாசில்தாருக்குத் தலை அரபி, வாலு பாரசீகம். அதெல்லாம் நாம வேண்டாம்னா சொன்னோம்? வந்ததெல்லாம் இருக்கட்டும். குழந்தைங்கற வார்த்தை மட்டும் உங்களுக்கு ஆவாதுங்களா?"

பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். எழுத்தர் முகம் சிவந்தது. எங்கள் காகிதக் கட்டை எடுத்து மேசையின் மறு ஓரத்தில், எல்லாவற்றுக்கும் அடியில் வைத்தார். "அடுத்த வாரம் வாங்க."

கல்லூரியில் சேருவதற்கு மீதம் இருந்தது எட்டு நாள்.

பஸ்ஸில் திரும்பும்போது குழந்தையன் கையைப் பிசைந்துகொண்டே வந்தார். "அம்மா, எம் பேரு என்னமோ இருந்துட்டுப் போவுதுங்க. புள்ள படிச்சாப் போதும்" என்றார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. கடைக்கு வந்ததும் ரஹீமாக்காவிடம் சொன்னேன். "உங்க ழகரத்துக்காக அந்தப் புள்ள படிப்புப் போகணுமா? அவங்க சொல்ற மாதிரி மாத்திட்டா நாளைக்கே முடிஞ்சுரும்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீங்க அப்படித்தான் சொல்லுவீங்க ரைட்டரே. அழகேசனை அலகேசன்னு எழுதுனப்ப சரிங்கன்னு கையெழுத்துப் போட்டுட்டு வந்த ஆளு நீங்க. பேரு தப்பாப் போனா ஆளே தப்பாப் போயிருவான். நாளைக்கு அந்தப் பொண்ணு எங்கப்பன் யாருன்னு ஒவ்வொரு ஆபீஸ்லயும் நிரூபிச்சுக்கிட்டே நிக்கணும். நீங்க போய் நிப்பீங்களா?"

அது உண்மை. என் பணிப் பதிவேட்டில் நான் அலகேசன்தான். முப்பது வருடமாக அப்படித்தான் இருக்கிறேன். உண்மை என்பதால்தான் அவ்வளவு வலித்தது. எழுந்து வந்துவிட்டேன். மூன்று நாள் கடைப் பக்கம் போகவில்லை.

அந்த மூன்று நாளும் அவர் சும்மா இருக்கவில்லை. முதல் நாளே பலகையில் எழுதிவிட்டார்: 'வெள்ளக்கடை குலண்டையன் என்பவரை யாருக்காவது தெரியுமா? தெரிந்தால் கடைக்குள் வரவும்.' யாரும் வரவில்லை. அடுத்த நாள் கடையைச் சாத்திவிட்டு வெள்ளக்கடைக்குப் போய் வீடு வீடாக ஏறி இறங்கினார். 'எங்கள் ஊரில் குழந்தையன் என்பவர் உண்டு. குலண்டையன் என்று யாரும் இல்லை' என்று ஒரு தாளில் எழுதி, எழுதத் தெரிந்தவர்களிடம் கையெழுத்தும் தெரியாதவர்களிடம் கைநாட்டும் வாங்கினார். கடைசியில் சாட்சிக்கு ஓர் இடம் காலியாக விட்டு, அதை எனக்குக் கொடுத்தனுப்பினார். கூடவே ஒரு துண்டுச் சீட்டு: 'கோபம் இருந்தால் இருக்கட்டும். கையெழுத்துப் போடுங்கள்.' போட்டேன். மறுநாள் நானும் கூடப் போனேன்.

இந்த முறை அவர் எழுத்தரிடம் நிற்கவில்லை. நேராக மேலதிகாரியின் அறைக்குள் போனார். அந்த அதிகாரியம்மா தாளை முழுவதும் படித்தார். பிறகு குழந்தையனைப் பார்த்து, "உங்க பேரைச் சொல்லுங்க" என்றார்.

"கொளந்தையன்ங்க."

அதிகாரி லேசாகச் சிரித்தார். "இவருக்கே ழ வரலையேம்மா. நீங்க எதுக்கு இத்தனை பாடு படறீங்க?"

குழந்தையன் தலையைக் குனிந்துகொண்டார். ரஹீமாக்கா ஓர் அடி முன்னால் வந்தார்.

"வாய் வேற, எழுத்து வேறங்க. நாங்க எல்லாரும் வீட்டை ஊடுன்னுதான் சொல்றோம். ரசீதுல நீங்க ஊட்டு வரின்னா போடறீங்க? நொம்ப நன்றின்னு சொல்றோம். அதுக்காக அகராதியில ரொம்ப இல்லாமப் போயிருச்சா? அவரு நாக்கு எப்படி வேணாலும் சொல்லட்டும், அது அவரு மண்ணு குடுத்தது. அவங்கப்பன் வெச்ச பேரு குழந்தையன். மெசினுக்கு அது தெரியலைன்னா மெசினைத் திருத்துங்க. மனுசன் எதுக்குங்க திருந்தோணும்?"

அதிகாரி அந்த எழுத்தரையே கூப்பிட்டு, அடியில் கிடந்த காகிதக் கட்டைக் கொண்டுவரச் சொன்னார். அன்று மாலையே சான்றிதழ் கைக்கு வந்தது. அட்டையைத் திருத்துவதற்கும் எழுதிக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் குழந்தையன் சான்றிதழை ரஹீமாக்காவிடம் நீட்டினார். அவருக்குப் படிக்கத் தெரியாது. "அம்மா, இதுல எதுங்க அந்த எழுத்து?" என்று கேட்டார். ரஹீமாக்கா காட்டினார். குழந்தையன் அதன் மேல் விரலை வைத்து, கொஞ்ச நேரம் எடுக்காமலே நின்றார். ரஹீமாக்கா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

சுமதி கல்லூரியில் சேர்ந்தாள். அட்டை சரியாகி வர ஏழு மாதம் ஆனது. அதற்குள் வெள்ளக்கடையிலிருந்தும் நாகலூரிலிருந்தும் தப்பான பெயர்களோடு ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். பலனி, வல்லி, கலியம்மா என்று ஆகிப்போன பழனியும் வள்ளியும் காளியம்மாவும். ஒவ்வொருவருக்கும் மனு எழுதினார். சிலருக்கு நடந்தது, சிலருக்கு இன்னும் நடக்கவில்லை. நடக்காதவர்களை மறுபடியும் மறுபடியும் அனுப்பினார். அலுவலகத்தில் அவரைக் கண்டாலே முகம் சுளித்தார்கள். அது அவருக்குத் தெரியும். "சுளிக்கட்டுங்க. சுளிச்ச மொகத்தோடயே கையெழுத்துப் போட்டாப் போதும்" என்பார்.

கடைசியாக அவரைப் பார்த்தது சேலத்தில், மருத்துவமனையில். இதயம் பலவீனமாகிவிட்டது என்று சொல்லியிருந்தார்கள். நான் போனபோது நர்ஸ் வயதைக் கேட்டுக்கொண்டிருந்தார். "பள்ளிக்கூடத்துல சேர்க்கறப்ப வாத்தியார் போட்ட கணக்குக்கு அறுபத்தி நாலு. எங்கம்மா கணக்குக்கு அறுபத்தி ஆறு. உங்களுக்கு எது வேணும் சாமி?" என்றார். அந்தப் பெண் சிரித்துவிட்டு இரண்டையும் எழுதிக்கொண்டார்.

நர்ஸ் போனதும் என்னிடம் திரும்பினார். மூச்சு வாங்கியது. "ஏனுங்க ரைட்டரே, ஒரு சந்தேகம். நாம ஒருத்தரைக் கூப்பிடறதுக்கு ஏனுங்கன்னு சொல்றோம். கூப்பிடறதுக்கு எதுக்குங்க 'ஏன்'னு கேக்கறோம்?"

"தெரியலீங்களே அக்கா."

"எனக்கும் தெரியல" என்றார், அவ்வளவு சந்தோஷமாக. நான் பதில் தேடிப் பார்த்துச் சொல்வதற்குள் போய்விட்டார். இதைப் படிக்கும் உங்களில் யாருக்காவது தெரிந்தால், ஊகமாக இல்லாமல், ஆதாரத்தோடு எழுதுங்கள். அவருக்கு ஊகம் பிடிக்காது.

அவருடைய மகன் கடையைத் தொடர்ந்து நடத்துகிறார். பலகையில் தொடர்ந்து எழுதட்டுமா என்று என்னிடம் கேட்டார். அது அவர் விருப்பம் என்று சொல்லிவிட்டேன். நான் எடுத்துக்கொண்டது வேறு. நோகும் என்று தெரிந்தாலும் சொல்லிவிடுகிற அந்தத் துணிச்சலை எடுத்துக்கொண்டேன். போன திங்கட்கிழமை, பணிப் பதிவேட்டில் பெயர் திருத்தக் கோரி எஸ்டேட்டின் தலைமை அலுவலகத்தில் மனு கொடுத்தேன். வாங்கிய இளைஞர் என் வயதைப் பார்த்தார்.

"அடுத்த வருசம் ரிட்டயர் ஆகப்போறீங்க. இத்தனை வருசம் கழிச்சு இது எதுக்குங்க?"

"ரிட்டயர் ஆகப்போறது நானுங்க, அலகேசன் இல்லை" என்றேன். "அந்த ஆளை எனக்குத் தெரியாது."

அவர் ஒரு முறை என்னைப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார்.